வீட்டுக்காரரை வரவேற்கும் விருந்தாளி

தோணி கரையைத் தொட்டுவிடக் கூடாது. கனடாவின் மேற்குக் கடலோரத்தில் காலங்காலமாக உள்ள முறை அது. சீடார் மரத்தைக் குடைந்து செய்த நீளமான தோணியில் நாள்கணக்காகத் துடுப்புப் போட்டு வந்தவர்கள், கரை எட்டும் தூரத்தில் இருந்தாலும் குதித்து இறங்கிவிட மாட்டார்கள். தண்ணீரிலேயே தோணியை நிறுத்தித் துடுப்புகளை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடிப்பார்கள். சண்டைக்கு வரவில்லை என்பதற்கு அது அடையாளம். பிறகு ஒருவர் எழுந்து நின்று, தாங்கள் யார், எந்த ஊர், யாருடைய வழிவந்தவர்கள் என்று உரக்கச் சொல்லிக் கரையேற அனுமதி கேட்பார். அந்த மண்ணின் பெரியவர் கரையிலிருந்து 'வாருங்கள்' என்று சொன்ன பிறகுதான் கால் மணலில் படும். வழக்கொழிந்துகொண்டிருந்த இந்த நெடுந்தோணிப் பயணங்கள், 1989-ல் சியாட்டில் நகரத்தை நோக்கிப் போன ஒரு பெரும்பயணத்தோடு மறுபடியும் உயிர்பெற்றன. இன்று அந்தக் கடலோரத்தின் சிறுபிள்ளைகளுக்குக்கூட இந்த முறை தெரியும்.

வான்கூவர் நகரத்தின் மேற்கு நுனியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் இருக்கிறது. கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி படிக்கும் பூர்வகுடிப் பிள்ளைகள் இந்த வளாகத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கிப் போகிறார்கள். விடுதி அறையில் உறங்கி, ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டி, பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று தொட்டுப் பார்க்கிறார்கள். சுகாதாரத் துறைப் படிப்புகளுக்கான கோடை அறிவியல் முகாம் 1980-களின் இறுதியிலிருந்து நடக்கிறது. பஸ்ஸில் வந்து இறங்கினாலும் அவர்களுக்கும் தோணி முறைதான். இந்த இடம் மஸ்குவீம் மக்களுடையது. அவர்களுடைய பெரியவர் ஒருவர் வந்து அழைப்புச் சொல்லித்தான் நிகழ்ச்சி தொடங்க வேண்டும். வடக்கே ஹைடா தீவுகளிலிருந்து வந்த பிள்ளைக்கும், நிஸ்கா பள்ளத்தாக்கிலிருந்து வந்த பிள்ளைக்கும் இது அடுத்தவர் மண். பேராசிரியர்களுக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும்கூட அப்படித்தான்.

யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்ற இந்தக் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் 'பூர்வகுடி மாணவர்களுக்கு வரவேற்பு' என்று பேனர் கட்டினால் அது வெறும் பேனர்தான். அந்த மேட்டுநிலத்தை மஸ்குவீம் மக்கள் யாருக்கும் விற்கவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுக்கவில்லை, போரில் தோற்று இழக்கவுமில்லை. 1915-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் தற்காலிகக் கட்டடங்களில் திண்டாடியது. 1922-ல் மாணவர்கள் ஊர்வலம் போய்க் கேட்டதன் பலனாக 1925-ல் இந்த மேட்டுக்குக் குடிவந்தது. மாணவர் போராட்டத்தின் வெற்றியாக அந்த ஊர்வலத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்த வரலாற்றில் நிலத்துக்காரரிடம் யாரும் கேட்டதாக இல்லை. பல்கலைக்கழகத்தின் முத்திரையில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் இருக்கிறது. இரண்டே சொல். 'இது உன்னுடையது' என்று பொருள். மாணவரை நோக்கிச் சொன்னது. மஸ்குவீம் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த வாசகத்தை வாசிக்கும்போது, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகமான உண்மை அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வளாகத்தின் நுழைவுச் சாலையில் 2016-ல் ஒரு மரத்தூண் நாட்டினார்கள். செதுக்கியவர் மஸ்குவீம் சிற்பி பிரென்ட் ஸ்பாரோ. இரண்டு தலை கொண்ட பெரும்பாம்பின் கதை அதில் இருக்கிறது. சதுப்புநிலத்திலிருந்து அந்தப் பாம்பு ஊர்ந்து ஆற்றுக்குப் போனதாம். போன வழியெல்லாம் பட்டுப்போனது. அதன் எச்சத்திலிருந்து புதிதாக ஒருவகைப் புல் முளைத்தது. அந்தப் புல்லின் பெயரே மக்களின் பெயரானது. எல்லாம் பட்டுப்போன தடத்தில் முளைத்த புல்லின் மக்கள். வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வளாகத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். 2018 முதல் தெருப் பெயர்ப்பலகைகளில் மஸ்குவீம் மக்களின் ஹன்கமினம் மொழியும் இருக்கிறது. அந்த மொழியை அவர்களோடு சேர்ந்து 1997 முதல் பல்கலைக்கழகம் பாடமாகவும் நடத்துகிறது.

விருந்தைக் குற்றமாக்கிய சட்டம்

வரவேற்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. இந்த மேற்குக் கடலோர மக்களின் வாழ்க்கையே விருந்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது. பாட்லாட்ச் என்று பெயர். பிறப்பு, திருமணம், பெயர் சூட்டல், இறப்பு, தலைமைப் பட்டம் என எதுவானாலும் ஊரை அழைத்து, உணவிட்டு, வந்தவர் கை நிறையப் பொருள் கொடுத்து அனுப்புவார்கள். எவ்வளவு சேர்த்தான் என்பதில் இல்லை மதிப்பு. எவ்வளவு கொடுத்தான் என்பதில் இருந்தது. கனடா அரசு இதைத் தடைசெய்து சட்டம் போட்டது. 1885-ல் நடைமுறைக்கு வந்த தடை 1951 வரை நீடித்தது. விருந்து வைத்ததற்காக மனிதர்கள் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் பாத்திரங்களும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. விருந்தோம்பலை அறத்தின் தலைவாசலில் வைத்துப் பழகிய நமக்கு, அறுபத்தாறு ஆண்டுகள் அது குற்றமாக இருந்த ஊரை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு கனக்கிறது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளைத்தான் இன்று பல்கலைக்கழகங்கள் 'வாருங்கள்' என்கின்றன.

படிப்புக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த சட்டம் இன்னும் கொடியது. 1876-ல் வந்த 'இந்தியர் சட்டம்' ஒரு விதி வைத்தது. பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால், அல்லது மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பாதிரியாராகவோ ஆனால், அந்தக் கணமே அவர் சட்டப்படி பூர்வகுடி இல்லை. அவர் கேட்க வேண்டியதில்லை, சம்மதிக்க வேண்டியதில்லை, தானாகவே நடந்துவிடும். 1880-ல் திருத்தி, விண்ணப்பித்தால்தான் அப்படி ஆகும் என்று மாற்றினார்கள். ஆனால் அந்த நாலு ஆண்டு விதி சொன்ன சேதி நூறாண்டுக்கும் மேல் வீடுகளில் தங்கிவிட்டது. படித்தால் நம் பிள்ளை நம் பிள்ளையாக இருக்காது. பட்டமளிப்பு மேடையில் ஒரு கையால் சான்றிதழைக் கொடுத்து மறுகையால் குலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் இடம் என்று ஒரு மக்கள் பல்கலைக்கழகத்தை நினைத்திருந்தால், அந்த நினைப்பு மூடத்தனம் ஆகாது. அரசிதழில் அச்சான உண்மை அது.

அப்படியும் சிலர் உள்ளே போனார்கள். நிஸ்கா மக்களில் பிறந்த ஃபிராங்க் கால்டர், பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆங்கிலிக்கன் இறையியல் கல்லூரியில் 1946-ல் படித்து முடித்தார். 1949-ல் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன் மக்களின் நிலத்துக்காக அவர் பெயரில் நடந்த வழக்கில்தான் 1973-ல் கனடா உச்ச நீதிமன்றம், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் பூர்வகுடிகளுக்கு நில உரிமை இருந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆல்ஃபிரட் ஸ்கோ 1961-ல் இங்கே சட்டம் படித்து முடித்தார். இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பூர்வகுடிச் சட்டப் பட்டதாரி. பிறகு நீதிபதியும் ஆனார். கூட்டாட்சித் தேர்தலில் தன் அடையாளத்தை இழக்காமல் வாக்களிக்கும் உரிமை அவருடைய மக்களுக்குக் கிடைத்தது 1960-ல்தான். ஓட்டுரிமைக்கு அடுத்த ஆண்டே பட்டம்.

பாதமில்லாத பிள்ளைகள்

'உறைவிடப் பள்ளி' என்ற சொல் நம் காதில் நல்ல சொல்லாகவே விழும். கனடாவில் அந்தச் சொல்லைக் கேட்டால் பாட்டிமார் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய அந்தப் பள்ளிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டார்கள். 1920 முதல் அது கட்டாயம். அனுப்ப மறுத்தால் தண்டனை. முடியை வெட்டி, பெயருக்குப் பதில் எண் கொடுத்து, தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். பல பத்தாண்டுகள் வரை பாதி நாள்தான் பாடம். மீதி நாள் வயல், தொழுவம், சலவை, சமையல். பல்லாயிரம் பேர் எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறி வெளியே வந்தார்கள். ஆயிரக்கணக்கில் வராமலே போனார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில். இன்று பல்கலைக்கழக முகாமுக்கு வரும் பிள்ளையின் பாட்டி, சில வீடுகளில் தாயே, அதிலிருந்து மீண்டவர். 'ஒரு வாரம் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாய்' என்ற வாக்கியம் அந்த வீட்டில் எப்படிக் கேட்கும் என்று அழைப்புக் கடிதம் எழுதுகிறவர் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

அதனால்தான் நன்றாக நடக்கும் முகாம்களில் பாட்டி தாத்தாக்களும் உடன் இருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில், ஆய்வுக்கூட வாசலில், இரவு விடுதிக் கூடத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்திருப்பார். பாடம் நடத்த வேண்டியதில்லை, இருந்தால் போதும்.

2017 ஏப்ரல் 1 அன்று வளாகத்தின் முதன்மைச் சாலையில் ஒரு நெடுங்கம்பம் நாட்டப்பட்டது. சுமார் 800 ஆண்டு வயதான செஞ்சீடார் மரம். 55 அடி உயரம். செதுக்கியவர் ஹைடா மக்களின் பரம்பரைத் தலைவரும் சிற்பியுமான ஜேம்ஸ் ஹார்ட். கயிறு கட்டி நூற்றுக்கணக்கானவர்கள் கைகோத்து இழுத்து நிமிர்த்தினார்கள். கம்பத்தின் நடுவில் ஓர் உறைவிடப் பள்ளி. அதற்குமேல் சீருடை போட்ட பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாதம் இல்லை. மண்ணில் கால் ஊன்ற விடப்படாதவர்கள் என்பதால் சிற்பி பாதம் வைக்கவில்லை. பள்ளியைச் சுற்றி ஆயிரமாயிரம் செப்பு ஆணிகள். இறந்த குழந்தைகளை நினைத்து அடிக்கப்பட்டவை. உயிர்தப்பியவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் பள்ளிக் குழந்தைகளும் வந்து ஆளுக்கொன்றாக அடித்தார்கள். மேலே போகப் போகக் குடும்பம், தோணி, கடைசியில் பறக்கத் தயாரான கழுகு.

அந்தப் பிள்ளைகளின் அருகே இன்றைய பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தலாமா, வரவேற்பு நாளில் துக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுத் துக்கம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தனக்கும் அது தெரியும் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. 2018 ஏப்ரலில், உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றுக்கான மையம் வளாகத்தில் திறக்கப்பட்ட அன்று, அப்போதைய தலைவர் சான்டா ஓனோ பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் பலரும் பல்கலைக்கழகங்களில் படித்து வந்தவர்கள். அந்தக் கொடுமையைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் வாய் திறந்ததுமில்லை. மானிட்டோபா பல்கலைக்கழகம் இதற்கு முன்பே, 2011-ல், உறைவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்து மன்னிப்புக் கேட்டிருந்தது. அந்த வரிசையில் அதுதான் முதல்.

வருவதும் போவதும்

வெர்னா கர்க்னெஸ் என்ற பெயரைக் கல்வியில் அக்கறை உள்ள எவரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். 1935-ல் மானிட்டோபாவில் ஃபிஷர் ரிவர் என்ற ஊரில் பிறந்த, கிரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெண்மணி. பள்ளி ஆசிரியையாகத் தொடங்கியவர். பூர்வகுடிகளின் கல்வி பூர்வகுடிகளின் கையில் இருக்க வேண்டும் என்று 1972-ல் அரசிடம் வைக்கப்பட்ட கோரிக்கையின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். பிறகு இந்தப் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடிகள் கல்வி இல்லத்தின் முதல் இயக்குநரானார். 1991-ல் ரே பார்ன்ஹார்ட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றுவரை இத்துறையின் அரிச்சுவடி. மதிப்பு, பொருத்தம், கொடுக்கல் வாங்கல், பொறுப்பு என்ற நான்கைப் பல்கலைக்கழகங்களிடம் கேட்டது அது. என் மனதைப் பிடித்தது அதில் இருக்கும் வேறொரு நுட்பம். பல்கலைக்கழகத்தார் பேசும்போது மாணவர் இங்கே 'வருகிறார்' என்கிறார்கள். மாணவரைக் கேட்டால் அங்கே 'போகிறேன்' என்கிறார். ஒரே பயணம், இரண்டு வினைச்சொல்.

தமிழில் இதை விளக்கவே தேவையில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதை நம் வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'வருகிறார்' என்பவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் தங்கவில்லை என்றால் 'இடைநிற்றல்' என்று பிள்ளைமேல் ஒரு சொல்லை ஒட்டிவிட்டுப் புள்ளிவிவரம் எழுதுவார். 'போகிறேன்' என்கிற பிள்ளைக்கு, போவதற்கு முன்னால் ஒரு வீடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, மீன் உலர்த்தும் கொட்டில் இருக்கிறது, கைக்குழந்தையாக ஒரு தம்பி இருக்கிறான். அதையெல்லாம் விட்டுவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்பது அதன் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் வளாகத்தில்தான் பிள்ளை நிலைக்கிறது.

கர்க்னெஸ் காலத்தில் எழும்பி 1993-ல் திறந்த நீள்வீடு அப்படி ஒரு பதில். கடலோர மக்கள் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்த நெடிய மரவீட்டின் சாயலில், பெரிய சீடார்த் தூண்களோடு கட்டியது. உள்ளே கூடம், சமையலறை, படிக்கும் இடம். வகுப்புக்கு வகுப்பு நடுவே வந்து சாய்ந்துகொள்ள ஒரு வீடு. பக்கத்திலேயே ஹ்வேய்ஹ்வா நூலகம் இருக்கிறது. ஸ்குவாமிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு 'எதிரொலி' என்று பொருள். கனடாவின் பெரிய நூலகங்களில் பூர்வகுடிகளைப் பற்றிய நூல் என்றால் அமெரிக்க வரலாறு என்ற அடுக்கில் மொத்தமாகப் போய்ச் சேரும். முடிந்துபோன மக்கள் என்பதுபோல. இந்த நூலகம் மோஹாக் மக்களைச் சேர்ந்த நூலகர் பிரையன் டியர் 1970-களில் வகுத்த வேறொரு முறையைப் பின்பற்றுகிறது. நிலத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் வாழ்கிறார்களோ, அலமாரியிலும் அவர்களுடைய நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முகாமுக்கு வந்த பிள்ளை தன் மக்களைப் பற்றிய நூலைத் தேடினால் இடமும் வலமும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் நிற்பார்கள். வரவேற்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். மேளமோ பேச்சோ இல்லாமல் ஒரு நூலகர் அலமாரியை மாற்றி அடுக்கிச் செய்த வரவேற்பு.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் வந்தவரைத் தங்கவோ ஓடவோ வைக்கின்றன. சமவெளிப் பகுதியின் மக்களுக்குக் காலையில் சேஜ் இலையையோ இனிப்புப் புல்லையோ கனலவைத்து அந்தப் புகையைக் கைகளால் அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் தடவிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம் வீடுகளில் சாம்பிராணி போடுவதை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்களுக்கு அது வழிபாட்டுக்கும் மேல் ஒரு மருந்து. விடுதி அறையில் புகை எழுந்தால் தீ எச்சரிக்கை மணி அலறும். பிள்ளை அபராதத்துக்குப் பயந்து வழக்கத்தைக் கைவிடும். கனடாவின் பல பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே எழுத்தில் விதி வகுத்து, எந்தெந்த அறைகளில் புகையிடலாம், மணியை யார் நிறுத்திவைப்பது என்றெல்லாம் முடிவுசெய்தன. கேட்க அற்பமாகத் தோன்றலாம். தன் பாட்டனின் வழிபாடு சட்டவிரோதமாக இருந்த நாட்டில் தன் அறையில் அது அனுமதிக்கப்படுவது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அற்பமானதில்லை.

தண்டர் பே

நல்வரவு இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே ஒரு பதில் இருக்கிறது. எழுதக் கை நடுங்கினாலும் எழுதியாக வேண்டும். அங்கே தூரத்து ஊர்களுக்கு விமானத்தில்தான் போய்வர முடியும். பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் தனியே விமானம் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் தண்டர் பே நகரத்துக்கு வந்து, முன்பின் தெரியாதவர் வீட்டில் வாடகைக்குத் தங்கிப் படிக்கிறார்கள். தெருவில் நடந்தால் காரிலிருந்து முட்டையும் வசவும் வந்து விழும். 2000-க்கும் 2011-க்கும் இடையே அப்படி வந்த ஏழு மாணவர்கள் அந்த நகரத்தில் இறந்தார்கள். ஐந்து பேரின் உடல்கள் ஆறுகளிலிருந்து எடுக்கப்பட்டன. 2015-ல் தொடங்கிய மரண விசாரணை 2016-ல் முடிந்து 145 பரிந்துரைகளை வைத்தது. பத்திரிகையாளர் தான்யா தலாகா அந்த ஏழு பேரைப் பற்றி எழுதிய 'செவன் ஃபாலன் ஃபெதர்ஸ்' நாட்டை உலுக்கியது.

அதே நிலப்பரப்பில், 1966 அக்டோபரில், கெனோராவின் உறைவிடப் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய 12 வயதுச் சிறுவன் சானி வென்ஜாக் குளிரில் ரயில் பாதையோரம் செத்துக் கிடந்தான். வீடு 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பூர்வகுடிகளைப் பற்றிய படிப்புக்கென்று 1969-ல் கனடாவிலேயே முதலில் ஒரு துறை கண்ட ட்ரென்ட் பல்கலைக்கழகம், தன் அரங்கம் ஒன்றுக்கு அந்தச் சிறுவனின் பெயரை வைத்தது. முதலாண்டு மாணவர் அந்தப் பெயரின் கீழ் அமர்ந்துதான் வகுப்புக் கேட்கிறார். அதற்கு நேரெதிரான கதை டொரான்டோவில். உறைவிடப் பள்ளித் திட்டத்துக்கு யோசனை கொடுத்தவர்களில் ஒருவரான எகர்ட்டன் ரையர்சனின் பெயரில் இருந்த பல்கலைக்கழகம், 2021-ல் அவர் சிலை வீழ்த்தப்பட்ட பிறகு, 2022-ல் டொரான்டோ மெட்ரோபாலிட்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாசல் பலகையில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

இனிக் காசு. 2021 கணக்கெடுப்பில் கனடாவின் பூர்வகுடிகள் 18 லட்சம் பேர். மக்கள்தொகையில் 5 சதவீதம். வேலை செய்யும் வயதில் இருக்கும் கனடியர்களில் மூன்றில் ஒருவரிடம் பட்டம் இருக்க, பூர்வகுடிகளில் எட்டில் ஒருவரிடம்தான் இருக்கிறது. உயர்கல்விக்கு அரசு பணம் கொடுப்பதால் இவர்களுக்கு எல்லாம் இலவசம் என்று கனடாவில் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்த நிதிக்கு 1996-ல், ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று அணை போட்டார்கள். பிள்ளைகள் பெருகினார்கள், கட்டணம் ஏறியது, அணை இருபதாண்டு அப்படியே இருந்தது. சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தும் நிதிப் பட்டியலில் பெயர் வராமல் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று. நாட்டில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 7.7 சதவீதம்தான் பூர்வகுடிகள். ஆனால் வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 53.8 சதவீதம் அவர்கள். அப்படி வளர்ந்தவர்களுக்கு எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கல்விக் கட்டணம் இல்லை என்று பிரிட்டிஷ் கொலம்பியா 2017-ல் அறிவித்தது. நூறு வரவேற்புரைக்குச் சமம் அது.

இதில் நாமும் இருக்கிறோம்

தமிழ் வாசகர் இதைத் தூரத்துக் கதையாக வைத்துவிட முடியாது. 2010 ஆகஸ்டில், 492 ஈழத்தமிழர்களை ஏற்றிய 'சன் சீ' கப்பல் இதே மேற்குக் கடலோரத்தில்தான், வான்கூவர் தீவில் வந்து கரைசேர்ந்தது. யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள், இறங்கலாமா என்ற கேள்விகள் அவர்களுக்கும் வந்தன. கேட்டவர்கள் அந்த மண்ணின் பெரியவர்கள் இல்லை, அரசு அதிகாரிகள். பதில் சொன்னவர்கள் மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். கிழக்கே டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் நம் மக்களின் கைக்காசில் தமிழ் இருக்கை அமைந்திருக்கிறது. அந்தப் பெருநகரத்தின் நிலத்தில் பெரும்பகுதி மிஸ்ஸிசாகா மக்களிடமிருந்து 1805-ல் பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கப்பட்டது. தவறென்று ஒப்புக்கொண்டு 2010-ல் அரசு கொடுத்த இழப்பீடு 14.5 கோடி டாலர். தன் நிலத்தை இழந்து வந்தவர்கள், நிலத்தை இழந்த இன்னொருவர் மண்ணில் வேர் பிடித்திருக்கிறோம். நம் பிள்ளைகள் அங்கே முதல் பட்டதாரிகளாகிறபோது, பக்கத்து நாற்காலியில் அந்த மண்ணின் முதல் பட்டதாரி உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் கடமை நமக்கு மற்றவரைவிட ஒரு பங்கு கூடுதலாகவே இருக்கிறது.

கூட்டம் தொடங்குமுன் 'இந்த நிலம் இன்னாருடையது' என்று ஒரு பத்தி வாசிப்பது இப்போது கனடாவில் எங்கும் வழக்கம். பழகப் பழக அது கடவுள் வாழ்த்துபோல ஆகிவிட்டது; எழுந்து நின்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். நிலத்தின் பெயரைச் சொல்வது தேவைதான். அந்த நிலத்தின் பிள்ளை விண்ணப்பம் போட்ட பிறகு யார் போனை எடுக்கிறார்கள் என்பது அதைவிடத் தேவை. சில இடங்கள் அதைச் செய்கின்றன. இதே பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி ஆசிரியர் பயிற்சித் திட்டம் 1974-ல் தொடங்கியபோதே, மாணவரை நகரத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக வகுப்பை ஊர்களுக்குக் கொண்டுபோனது. முதல் இரண்டு ஆண்டுகள் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே படித்தார்கள். இன்று பல பள்ளிகளில் பூர்வகுடி ஆசிரியர்கள் நிற்கிறார்கள் என்றால், முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களும் அவர்களே என்றால், அந்த விதைதான் காரணம்.

கோடை முகாம் எப்போதும் நன்றாகத்தான் முடியும். வெயில் இருக்கும், கடற்கரை இருக்கும், பெயர் அச்சடித்த டி-சர்ட் இருக்கும். சோதனை வருவது அக்டோபரில். வான்கூவரில் மழை பிடித்துக்கொள்ளும். முதல் இடைத்தேர்வின் மதிப்பெண் வந்திருக்கும். வடக்கே ஊரில் மூஸ் மான் வேட்டைக்குப் போன மாமன் போட்ட படம் போனில் வரும். யாரோ ஒரு பெரியவர் இறந்துபோயிருப்பார். ஊரே நாலு நாள் கூடியிருக்கும். சடங்குக்குப் போனால் ஆய்வுக்கூடத் தேர்வு போய்விடும். போகட்டும், சடங்குக்குப் போய் வா, தேர்வை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் நிரந்தரமாக இருக்க வேண்டும். மூன்றாண்டு மானியத்தில் ஓடும் பணியிடம் என்றால், பிள்ளை நாலாம் ஆண்டுக்கு வரும்போது அவர் போயிருப்பார்.

நீள்வீட்டுச் சமையலறையில் அடுப்பு எரிகிற நாள்களில் சூப்பும் பானக் ரொட்டியும் இருக்கும். நனைந்த ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவோரம் மாட்டிவிட்டு ஒரு முதலாண்டு மாணவி உள்ளே வருகிறாள் என்று வையுங்கள். அகப்பையோடு நிற்கும் பாட்டி அவளுடைய மாணவர் எண்ணைக் கேட்க மாட்டார், பாடப்பிரிவைக்கூட அப்புறம்தான். தோணிக்காரரிடம் கரையிலிருந்து கேட்கும் அதே கேள்விதான். எந்த ஊரம்மா நீ, யார் வீட்டுப் பிள்ளை?